4×100 தொடரோட்டம்: மூன்றாமவருக்கும் நான்காமவருக்கும் ஓயாத சண்டை. வரிசையை மாற்றுவதா, பேசித் தீர்ப்பதா?

வளைவுக்காரன்:

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். எங்கள் பல்கலைக்கழக ஆண்கள் 4×100 அணிக்கு நான் கேப்டன். இரண்டாவதாக ஓடுவதும் நான்தான். ஐவிபி போட்டிக்கு (சிங்கப்பூர் உயர்கல்வி நிலையங்களுக்கு இடையே நடப்பது) ஏழு வாரம் இருக்கிறது. மூன்றாவதாக ஓடுபவரும் நான்காவதாக ஓடுபவரும் இப்போது முகம் கொடுத்தே பேசுவதில்லை.

தனி 100 மீட்டர் நேரங்கள் வரிசைப்படி 11.05, 11.20, 11.15, 10.95. கடைசியாக ஓடிய போட்டியில் அணியின் நேரம் 43.40. அதற்கு முந்தைய போட்டியில் கடைசி பேட்டன் (கைமாற்றும் குச்சி) மாற்றம் எல்லையைத் தாண்டி நடந்ததால் தகுதி நீக்கம். சண்டை அன்றுதான் வெடித்தது.

மூன்றாமவர் நான்காம் ஆண்டு மாணவர், என் வகுப்புத் தோழர். நான்காமவர் தேசிய சேவை முடித்து இந்த ஆண்டுதான் சேர்ந்தார். பேட்டனைக் கொண்டுவருபவர் தாண்டியதும் வாங்குபவர் கிளம்ப வேண்டும் என்று தடத்தில் வைக்கும் அடையாளத்தைத்தான் மார்க் என்கிறோம். "அவன் சீக்கிரமே கிளம்பிடுறான், எட்டவே முடியல" என்கிறார் மூன்றாமவர். "அண்ணன் மார்க்கைத் தாண்டின பிறகுதான் கிளம்புறேன். அவர்தான் கடைசி 20 மீட்டர்ல தளர்ந்துடுறார்" என்கிறார் நான்காமவர். நேரில் "சரிண்ணா, சரிண்ணா" என்று தலையாட்டிவிட்டு, இரவில் வாட்ஸ்அப் குழுவில் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் படமெடுத்துப் போடுகிறார். தடத்தில் இருவரும் தமிழில் மோதிக்கொள்கிறார்கள். முதலாவதாக ஓடும் சீன நண்பரும் ஐந்தாம் ஆளான மலாய் நண்பரும் ஒன்றும் புரியாமல் நிற்கிறார்கள்.

கோச் வாரம் இரண்டு நாள்தான் வருவார். "உங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டார். இப்போது இருவரையும் பிரித்து வரிசையை மாற்றலாமா? யார் மீது தவறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒருவரை நீக்க வேண்டிய கட்டாயம் வந்தால் எதை வைத்து முடிவு செய்வது?

நிறுத்துகடிகாரம்:

முதலில் உங்கள் எண்களைப் பார்ப்போம். நான்கு பேரின் நேரத்தையும் கூட்டினால் 44.35. அணி ஓடியது 43.40. அதாவது மூன்று மாற்றங்களும் சேர்ந்து உங்களுக்குக் கொடுத்தது 0.95 நொடி. முதலாமவரைத் தவிர மற்ற மூவரும் ஓடிக்கொண்டே பேட்டனை வாங்குவதால் கூட்டுத்தொகையிலிருந்து கணிசமாகக் குறைய வேண்டும். ஒழுங்காகப் பயிற்சி செய்த மாணவர் அணி 2 நொடிக்குப் பக்கத்தில் குறைக்கலாம். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஜப்பான் 37.60 ஓடி வெள்ளி வென்றபோது, அந்த நால்வரில் ஒருவர்கூட 10 நொடிக்குள் 100 மீட்டர் ஓடியிருக்கவில்லை. உலகமே வியந்த வேகம் பெரும்பாலும் மாற்றங்களில் கிடைத்தது. நீங்கள் கிட்டத்தட்ட ஒரு நொடியைத் தடத்திலேயே விட்டுவிட்டு வருகிறீர்கள். சி. குணாளன் 1968இல் மெக்சிகோவில் ஓடிய 10.38 என்ற சிங்கப்பூரின் 100 மீட்டர் சாதனையை யு.கே. ஷியாம் 2001இல் 10.37 ஆக்க 33 ஆண்டு ஆனது. நூறில் ஒரு பங்கு நொடிக்கு அவ்வளவு பாடு. ஒரு முழு நொடி உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது, அதை எடுக்காமல் இருவர் சண்டை போடுவது மனத்துக்குக் கஷ்டமாக இருக்கிறது.

"யார் தவறு" என்பதைக் கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. பின்னால் வருபவருக்கு முன்னால் போகிறவர் எப்போதும் சீக்கிரம் கிளம்பியதாகத்தான் தெரியும். முன்னால் போகிறவருக்கோ கை நீட்டிக் காத்திருக்கும் அரை நொடி ஒரு யுகம். ஆகவே அளக்க வேண்டும். ஒரு கைப்பேசி போதாது, இரண்டு வேண்டும்.

முதல் கைப்பேசியை மார்க்குக்கு நேர் எதிரே, தடத்துக்குச் செங்குத்தாக, முக்காலியில் வையுங்கள். சாய்வாக வைத்தால் ஓட்டக்காரரின் கால் மார்க்கைத் தாண்டியதா இல்லையா என்பது அரை மீட்டர்வரை மாறித் தெரியும். வாட்ஸ்அப்பில் அவர் போடும் படங்கள் பார்வையாளர் இருக்கையிலிருந்து எடுத்தவையாக இருந்தால் அவற்றுக்கு ஒரு மதிப்பும் இல்லை. மார்க்கும் வாங்குபவரும் ஒரே சட்டகத்தில் தெரிய வேண்டும், அதனால் கைப்பேசியைத் தள்ளி வைக்க வேண்டியிருக்கும். இரண்டாவது கைப்பேசி, பேட்டனைக் கைமாற்றியாக வேண்டிய 30 மீட்டர் மாற்றப் பகுதி முழுவதும் தெரியும்படி உயரத்தில் இருக்கட்டும்.

வீடியோ வேகத்தைக் கவனியுங்கள். நொடிக்கு 9 மீட்டர் ஓடுபவர், நொடிக்கு 30 படம் எடுக்கும் கைப்பேசியில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 30 செ.மீ. நகர்ந்துவிடுவார். 240 படம் என்றால் 4 செ.மீ.க்கும் குறைவு. ஸ்லோ மோஷனில் 240 வையுங்கள், வாக்குவாதத்துக்கே இடமிருக்காது.

பார்க்க வேண்டியவை மூன்று. கொண்டுவருபவரின் கால் மார்க்கில் பட்ட படத்தில் வாங்குபவர் ஏற்கெனவே நகர்ந்துவிட்டாரா? நகர்ந்திருந்தால் சீக்கிரம் கிளம்பியது உண்மை. அடுத்தது, கொண்டுவருபவர் கையை எப்போது நீட்டுகிறார்? கையை நீட்டிக்கொண்டே ஐந்தாறு அடி ஓடினால் வேகம் அங்கேயே போய்விடும். மூன்றாவதுதான் முக்கியம்: பேட்டன் பகுதிக்குள் நுழைந்த நொடியிலிருந்து வெளியேறும் நொடிவரை எவ்வளவு நேரம்? நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் 30 மீட்டருக்கு 3.33 ஆக வேண்டும். அதற்குப் பக்கத்தில் இருந்தால் நல்ல மாற்றம். 3.6ஐத் தாண்டினால் எங்கோ ஒருவர் பிரேக் போடுகிறார் என்று அர்த்தம். மனிதர்களை விட்டுவிட்டு பேட்டனுக்கு நேரம் எடுங்கள்.

ஒன்று சொல்லுங்கள். அந்த மார்க்கை எப்படி வைத்தீர்கள்? பயிற்சியில் எவ்வளவு தூரம் ஓடிவந்து வைத்தது?

செம்மண்தடம்:

மேலே கேட்டதோடு இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: யாருடைய சப்பாத்தால் அளந்தீர்கள்? பயிற்சிச் சப்பாத்து 30 செ.மீ., ஸ்பைக்ஸ் (ஆணிச் சப்பாத்து) 27 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், உதாரணத்துக்குப் பாதத்தை அடுத்தடுத்து வைத்து 26 பாதம் அளக்கும்போது 78 செ.மீ. வித்தியாசம் வந்துவிடும். பாதத்தால் அளப்பதை விட்டுவிட்டு அளவு நாடாவால் மீட்டரில் குறித்து வையுங்கள்.

வளைவுக்காரன்:

மிக்க நன்றி அண்ணா. மார்க் 26 பாதம், நான்காமவர் தன் பயிற்சிச் சப்பாத்தால் அளந்தது. போட்டியில் ஸ்பைக்ஸ் போட்டுக்கொண்டு அளந்தாரா என்று கேட்டேன், ஆமாம் என்கிறார். பயிற்சியில் மூன்றாமவர் 50 மீட்டர் தூரத்திலிருந்து ஓடிவருவார். பயிற்சியில் மாற்றம் பெரும்பாலும் நன்றாகவே அமைகிறது. போட்டியில்தான் சொதப்புகிறது. அதனால்தான் இருவரும் "பயிற்சியில் சரியாகச் செய்கிறாய், போட்டியில் வேண்டுமென்றே செய்கிறாய்" என்று ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டுகிறார்கள்.

நிறுத்துகடிகாரம்:

தம்பி, விடை நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது. இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம்.

மூன்றாவதாக ஓடுபவர் 100 மீட்டர் ஓடுவதாக எல்லாரும் நினைக்கிறார்கள். அவர் தன் பகுதியின் தொடக்கத்தில் நிற்கிறார். அங்கிருந்து 20 மீட்டர் கழித்துத்தான் அவருடைய 100 மீட்டர் தொடங்குகிறது. அதை முடித்து, அடுத்த பகுதியின் 25ஆவது மீட்டரில் பேட்டனைக் கொடுப்பதாக இருந்தால் மேலும் 5 மீட்டர். மொத்தம் 125 மீட்டர், அதுவும் வளைவில். கடைசி 20 மீட்டரில் வேகம் குறையாமல் எந்த மனிதனாலும் ஓட முடியாது. பயிற்சியில் 50 மீட்டர் மட்டும் ஓடி வருபவரோ உச்ச வேகத்தில் வந்து சேர்கிறார்.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். வாங்குபவர் 25 மீட்டரைக் கடக்க, "போ" என்ற கணத்திலிருந்து 3.5 நொடி எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இருவர் கையும் நீண்டிருக்கும்போது இடையில் 1 மீட்டர் இடைவெளி கிடைக்கும். ஆகவே அந்த 3.5 நொடியில் கொண்டுவருபவர் மார்க்கின் தூரத்தோடு 24 மீட்டரைக் கடந்தால் போதும்.

பயிற்சியில் அவர் வேகம் நொடிக்கு 9.4 மீட்டர் என்றால்: 9.4 × 3.5 = 32.9. அதில் 24 போக மார்க் 8.9 மீட்டர்.

போட்டியில் 9.0 என்றால்: 9.0 × 3.5 = 31.5. மார்க் 7.5 மீட்டர்.

வித்தியாசம் 1.4 மீட்டர். பயிற்சியில் கச்சிதமாக இருந்த மார்க்கைப் போட்டியில் அப்படியே வைத்தால், வாங்குபவர் நேர்மையாக மார்க்கைப் பார்த்துக் கிளம்பினாலும் 25ஆவது மீட்டரில் பேட்டன் 1.4 மீட்டர் பின்னால் இருக்கும். மிச்சம் இருப்பது 5 மீட்டர். அதற்குள் இருவர் வேகமும் ஏறக்குறைய சமமாகிவிடும், எட்டவே முடியாது. ஒன்று எல்லை தாண்டித் தகுதி நீக்கம், அல்லது நான்காமவர் பிரேக் போட்டு 43.40. உங்களுக்கு இரண்டுமே நடந்திருக்கிறது. போதாக்குறைக்குப் போட்டி நாளில் வாங்குபவரின் உடம்பு முறுக்கேறி வழக்கத்தைவிட வேகமாகக் கிளம்பும்.

இந்த எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் இருவரையும் அளந்து போடுங்கள். மூன்றாமவரை முழுச் சூடேற்றலுக்குப் பிறகு வளைவில் 125 மீட்டர் ஓடவிட்டு, கடைசி 20 மீட்டரின் நேரத்தை வீடியோவில் எடுங்கள். 2.22 நொடி என்றால் 9.0. நான்காமவரை ஸ்பைக்ஸோடு, போட்டியில் நிற்கும் அதே நிலையிலிருந்து, "போ" என்று கத்தி 25 மீட்டர் ஓடவிடுங்கள். மூன்று முறை ஓடவிட்டு நடு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றுக்கும் இடையே 0.15 நொடிக்கு மேல் வித்தியாசம் வந்தால் மார்க்கைத் தொடாதீர்கள், முதலில் அவர் கிளம்பும் முறையைச் சீராக்குங்கள். ஒரு நாள் முழு வேகம், ஒரு நாள் முக்கால் வேகம் என்று கிளம்புபவருக்கு எந்த மார்க்கும் பொருந்தாது.

இனிப் பயிற்சியில் முழு வேக மாற்றங்களை ஒரு நாளைக்கு மூன்று, நான்கோடு நிறுத்துங்கள். அவற்றில் முதலாவது கண்டிப்பாக முழுத் தூர ஓட்டத்தோடு இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இடையே குறைந்தது 8 நிமிட ஓய்வு. பத்துப் பன்னிரண்டு முறை செய்தால் பின்பாதியில் களைப்பில் வரும் தவறுகளைப் பார்த்து மார்க்கை மாற்றத் தோன்றும், கூடவே சண்டையும் வரும். மார்க்கை ஒரு தடவையில் 25 செ.மீ.க்கு மேல் நகர்த்தாதீர்கள்.

தகுதிச் சுற்றில் மார்க்கை 30 முதல் 50 செ.மீ. குறைத்து வைப்பது புத்திசாலித்தனம். நேரம் கொஞ்சம் போகும், பேட்டன் வந்து சேரும். 2016இல் அமெரிக்க ஆண்கள் அணி ரியோ இறுதியில் மூன்றாவதாக வந்தும் பதக்கத்தை இழந்தது. காட்லின் பகுதிக்குள் வருமுன்பே பேட்டனைத் தொட்டுவிட்டார், வெண்கலம் கனடாவுக்குப் போனது. அப்போது பகுதி 20 மீட்டர்தான், அதற்கு முன் 10 மீட்டர் வேகமெடுக்கும் இடம் தனியாக இருந்தது. பிறகு விதி மாறி இரண்டும் சேர்ந்து 30 மீட்டரானது. அப்படியும் 2024 பாரிஸில் அமெரிக்க ஆண்கள் அணி எல்லை தாண்டிய மாற்றத்தால் மறுபடி தகுதி இழந்தது. அவ்வளவு பெரிய ஆட்களுக்கே இதுதான் நிலைமை என்று உங்கள் இருவருக்கும் எடுத்துச் சொல்லுங்கள். எல்லையைத் தீர்மானிப்பது பேட்டன் இருக்கும் இடம், ஓடுபவரின் காலோ உடம்போ இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பல மாணவர்களுக்கு இது தெரிவதில்லை.

அல்லி:

கணக்கு சரியாக இருக்கிறது. ஆனால் கணக்கைக் கொண்டுபோய் இருவர் முன்னால் வைத்தவுடன் கோபம் இறங்கிவிடாது. அதை எப்படி வைக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கேப்டன் தம்பி, நீங்கள் மூன்றாமவரின் வகுப்புத் தோழர். அதே அணியில் ஓடுபவர். நீங்கள் எவ்வளவு நியாயமாகப் பேசினாலும் நான்காமவர் காதில் அது ஒரு பக்கமாகத்தான் விழும். ஆகவே தீர்ப்பு சொல்லும் இடத்தில் நீங்கள் உட்காராதீர்கள். கோச்சிடம் "நீங்கள் தீர்த்து வையுங்கள்" என்று கேட்டால் மறுபடி கைவிரிப்பார். "30 நிமிடம் வந்து உட்காருங்கள், வீடியோவும் எண்களும் நாங்கள் தயாராக வைத்திருக்கிறோம், மார்க்கை மட்டும் நீங்கள் முடிவு செய்யுங்கள்" என்று கேளுங்கள். வருவார்.

கூட்டத்தைப் பயிற்சி முடிந்த கையோடு வைக்க வேண்டாம். வேர்வையும் பசியுமாக இருக்கும்போது யாரும் நல்லபடியாகப் பேச மாட்டார்கள். மறுநாள், தடத்திலிருந்து விலகி, ஒரு வகுப்பறையில் வையுங்கள். ஐந்து பேரும் இருக்கட்டும், பேச்சு ஆங்கிலத்தில் நடக்கட்டும். இருவரும் தமிழில் மோதும்போது மற்ற இருவரும் தங்களைப் பற்றித்தான் ஏதோ பேசுகிறார்கள் என்று நினைத்தாலும் ஆச்சரியமில்லை. அணிக்குள் அது இன்னொரு விரிசல். தமிழில் தனியாகப் பேச வேண்டியது இருந்தால் பிறகு காப்பிக் கடையில் பேசிக்கொள்ளலாம்.

முதலில் ஒலியை நிறுத்திவிட்டு வீடியோவைப் போடுங்கள். தடத்தில் போட்ட கூச்சல் கேட்டால் அன்றைய கோபம் அப்படியே திரும்பி வரும். பார்த்து முடித்ததும் ஒவ்வொருவரும் தான் செய்ததை மட்டும் சொல்ல வேண்டும்: "நான் மார்க்கில் கால் பட்டவுடன் கிளம்பினேன்", "நான் நான்கு அடி முன்னாலேயே கை நீட்டினேன்." "நீ" என்று தொடங்கும் வாக்கியத்தை அங்கேயே நிறுத்துங்கள். பிறகு எண்களை வெள்ளைப் பலகையில் எழுதி, புதிய மார்க் எத்தனை மீட்டர் என்று முடிவு செய்து, இருவரும் தங்கள் கைப்பேசியில் குறித்துக்கொள்ளட்டும். நட்பைப் பற்றியோ குழு உணர்வைப் பற்றியோ அங்கே உரை நிகழ்த்தாதீர்கள். 30 நிமிடத்தில் எழுந்துவிடுங்கள்.

வயது விஷயமும் இருக்கிறது. நான்காம் ஆண்டு மாணவரை முதலாம் ஆண்டு மாணவர் "அண்ணா" என்று கூப்பிடும்போது, "நீங்கள் தளர்கிறீர்கள்" என்று முகத்துக்கு நேரே சொல்ல வாய் வராது. சொல்லாமல் விட்டது இரவில் வாட்ஸ்அப்பில் வெடிக்கிறது. அதைக் கெட்ட எண்ணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சொல்வதற்கு அவருக்கு ஒரு வழி இல்லை, அவ்வளவுதான். வழி செய்து கொடுங்கள்: ஒவ்வொரு முழு வேக மாற்றத்துக்குப் பிறகும் இருவரும் ஒரே ஒரு எண் சொல்ல வேண்டும். 1 என்றால் நெருக்கியடித்தது, 2 சரி, 3 எட்டவில்லை. மூத்தவர் முதலில் சொன்னால் இளையவர் அதையே திருப்பிச் சொல்வார். அதனால் எப்போதும் இளையவர் முதலில் சொல்லட்டும். இருவர் எண்ணும் வேறுபட்டால் வீடியோவைப் பாருங்கள். எண் சொல்ல மரியாதைக் குறைவும் இல்லை, மனத்தாங்கலும் இல்லை.

வாட்ஸ்அப்புக்கு இரண்டே விதி போதும். மாற்றத்தின் வீடியோ குழுவுக்கு வராது, ஐந்து பேரும் பார்க்கக்கூடிய பகிர்வுக் கோப்புறைக்குப் போகும். போட்டி நாளன்று இரவு மாற்றத்தைப் பற்றி யாரும் எழுதக் கூடாது. மறுநாள் நேரில் பேசலாம்.

கடைசியாக ஒன்று, இதை நான் அழுத்தமாகவே சொல்வேன். இவர்கள் நண்பர்களாக வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஜெர்மன் எண்மர் துடுப்புப் படகு அணியில் இருந்த ஹான்ஸ் லெங்க், பிற்காலத்தில் தத்துவ, சமூகவியல் அறிஞரானவர். அப்படிப்பட்ட உயர்மட்டப் படகு அணிகளுக்குள் கடும் பிணக்கும் கோஷ்டியும் இருந்தும் அவை தொடர்ந்து வென்றன என்பதை ஆய்வாக எழுதியிருக்கிறார். விளையாட்டு உளவியலிலும் வேலைக்காக ஒன்றுபடுவதையும் நட்பால் ஒன்றுபடுவதையும் தனித்தனியாகவே அளக்கிறார்கள். உங்களுக்கு இந்த ஏழு வாரத்தில் முதலாவது இருந்தால் போதும். சேர்ந்து சாப்பிடப் போங்கள் என்று கட்டாயப்படுத்தி இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்தால் எதிர்விளைவுதான் வரும்.

மேற்குக்கரை:

வரிசை மாற்றத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. எண்களைப் பார்த்த பிறகும் மூன்று வாரத்தில் சரியாகவில்லை என்றால் ஒரு வழி இருக்கிறது.

எல்லாரும் செய்யும் தவறு மூன்றையும் நான்கையும் மட்டும் இடம் மாற்றுவது. அப்படிச் செய்தால் சண்டைக்காரர்கள் இருவரும் மறுபடி அடுத்தடுத்தே இருப்பார்கள், அதோடு உங்களுக்கும் புதிய மூன்றாமவருக்கும் இடையேயான மாற்றமும் புதிதாகிவிடும். அதற்குப் பதிலாக நான்காமவரை முதலில் வைத்து மற்ற மூவரையும் ஒரு படி பின்னால் தள்ளுங்கள். இப்போதைய வரிசை 1-2-3-4 என்றால் புதியது 4-1-2-3. ஒன்றாமவர் இரண்டாமவருக்கும், இரண்டாமவர் மூன்றாமவருக்கும் கொடுக்கும் ஜோடிகள் அப்படியே நிற்கும். நான்காமவர் ஒன்றாமவருக்குக் கொடுக்கும் ஒரு ஜோடிதான் புதிது. மூன்றாமவரும் நான்காமவரும் பேட்டனில் சந்திக்கவே மாட்டார்கள்.

ஆனால் இது இலவசமாகக் கிடைப்பதில்லை. வலது, இடது, வலது, இடது என்று பேட்டன் போகும்போது பழைய ஜோடிகளுக்கும் கை மாறிவிடும். இதுவரை நீங்கள் ஒன்றாமவரின் வலது கையிலிருந்து இடது கையால் வாங்கினீர்கள். இனி அவர் இடது கையால் கொடுப்பார், நீங்கள் வலது கையால் வாங்க வேண்டும். நிற்கும் பக்கமும் மாறும்: வலது கையால் வாங்குபவர் லேனின் உட்பக்கம், இடது கையால் வாங்குபவர் வெளிப்பக்கம். வளைவும் நேர்தடமும் ஆளுக்கு ஆள் மாறுவதால் மூன்று மார்க்கையும் புதிதாக அளக்க வேண்டும். நான்காமவர் பிளாக்கிலிருந்து (காலை ஊன்றிக் கிளம்பும் கட்டை) வளைவில் கிளம்பத் தெரிந்தவரா என்றும் பார்க்க வேண்டும். இதற்கு நான்கு வாரமாவது தேவை, ஆகவே முடிவெடுக்கக் கடைசி நாள் மூன்றாவது வார இறுதி. அதற்குப் பிறகு வரிசையைத் தொடாதீர்கள்.

இன்னொரு விஷயம். இந்த மாற்றத்தில் மூன்றாமவர் கடைசியாக ஓடுவார். கடைசி ஓட்டத்துக்கு ஒரு பெருமை உண்டு. "சண்டை போட்டவருக்குப் பரிசா" என்று நான்காமவர் நினைக்க இடமிருக்கிறது. அதனால் வரிசை எதை வைத்து முடிவாகும் என்பதை இப்போதே, அளப்பதற்கு முன்பே, ஐந்து பேருக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். உதாரணத்துக்கு: குறித்த இரண்டு நாள்களில் இரண்டு வரிசையிலும் ஓடுவோம், மூன்று பகுதிகளிலும் பேட்டன் எடுக்கும் நேரத்தைக் கூட்டுவோம், குறைவான வரிசையே போட்டிக்கு. கையெழுத்து கோச்சுடையது. எண் வந்த பிறகு விதி வகுத்தால் அதை ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

ஐந்தாம் ஆளைச் சும்மா நிற்கவைக்காதீர்கள். வாரம் ஒருமுறையாவது அவரும் மூன்றாவது, நான்காவது இடங்களில் முழு வேகத்தில் மாற்றட்டும், அவருக்கான மார்க்கும் மீட்டரில் எழுதப்பட்டிருக்கட்டும். "நான் இல்லாவிட்டால் அணியே இல்லை" என்ற எண்ணம் இருவருக்கும் இருக்கும்வரை யாரும் இறங்கி வர மாட்டார்கள்.

நீக்குவதைப் பற்றிக் கேட்டீர்கள். மாற்றம் சரியில்லை என்பதற்காக ஒருவரை நீக்கினால் அது எண்ணை வைத்து நடக்க வேண்டும். பயிற்சிக்கு வராமலிருப்பது, வேண்டுமென்றே மெதுவாக ஓடுவது ஆகியவற்றுக்குக் கோச் ஒருமுறை எழுத்தில் எச்சரித்துவிட்டு நீக்கலாம். கேலி, மிரட்டல், இனத்தையோ உடம்பையோ குறிவைத்துப் பேசுவது என்று போனால் அது கேப்டன் தீர்க்கும் விஷயமே இல்லை. அன்றே பல்கலைக்கழக மாணவர் விவகாரப் பிரிவுக்குத் தெரிவியுங்கள்.

செம்மண்தடம்:

சின்னச் சின்ன விஷயங்கள், ஆனால் சண்டை பெரும்பாலும் இவற்றில்தான் மூளுகிறது.

கொடுப்பவர் எழுப்பும் குரல் உங்கள் அணிக்கே உரியதாக இருக்கட்டும். பக்கத்து லேன்களிலும் "ஹேண்ட்" என்றே கத்துவார்கள். வேறொருவர் குரலுக்குக் கையை நீட்டிவிட்டு "நீ கூப்பிட்டாயே" என்று சண்டை வரும். ஓரசைச் சொல் ஒன்றை ஐந்து பேரும் சேர்ந்து தேர்ந்தெடுங்கள். எட்டாது என்று தெரிந்தால் கத்த இன்னொரு சொல்லும் வேண்டும். அதைக் கேட்டதும் வாங்குபவர் யோசிக்காமல் வேகத்தைக் குறைக்க வேண்டும். எப்போது கத்துவது என்பதைக் கொடுப்பவர் தீர்மானிப்பார், எப்போது கிளம்புவது என்பதை வாங்குபவர் தீர்மானிப்பார். ஒருவர் வேலையில் மற்றவர் தலையிடக் கூடாது.

நம் ஊர் ஈரப்பதத்தில் உள்ளங்கை காய்ந்திருக்கவே இருக்காது. பிடிப்புக்காகக் கையில் சுண்ணப்பொடி, பசை எதையும் தடவ விதி அனுமதிப்பதில்லை. கையுறையும் கூடாது. சிறிய துண்டு ஒன்றை லேனுக்குப் போகும்வரை வைத்திருந்து கையைத் துடைத்துக்கொள்ளுங்கள். பேட்டனையும் முதலாமவர் துடைத்துவிட்டுத் தொடங்கட்டும். கொடுக்கும்போது பேட்டனின் கீழ்நுனியைப் பிடித்திருந்தால்தான் வாங்குபவருக்குப் பிடிக்க இடம் இருக்கும். மொத்த நீளமே 28 முதல் 30 செ.மீ.தான்.

விழுந்துவிட்டால், கைநழுவவிட்டவர்தான் எடுக்க வேண்டும். இந்த விதியை மறந்து இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பதைப் பல போட்டிகளில் பார்க்கலாம்.

மார்க்குக்கு ஒட்டும் டேப் ஒன்றுதான் அனுமதி, 5 செ.மீ.க்கு 40 செ.மீ. அளவுக்குள். தடத்தின் நிறத்தோடு கலக்காத பளிச்சென்ற நிறமாக வாங்குங்கள். உங்களுக்கு முன்னால் ஓடிய அணிகள் ஒட்டிய டேப் அப்படியே கிடக்கும். தவறான டேப்பைப் பார்த்துக் கிளம்பினால் அதைச் "சீக்கிரம் கிளம்பினான்" என்றுதான் எழுதுவார்கள். லேன் தெரிந்ததும் பழைய டேப்பையெல்லாம் உரித்துவிட்டுத் தங்களுடையதை ஒட்டட்டும்.

வளைவுக்காரன்:

அனைவருக்கும் நன்றி. பதில்களைக் கோச்சுக்கு அனுப்பினேன், வியாழக்கிழமை வந்து உட்காரச் சம்மதித்துவிட்டார். பகிர்வுக் கோப்புறையும் திறந்தாகிவிட்டது. ஒரே ஒரு சந்தேகம்: இந்த மாதம் பாதி நாள் மின்னல் எச்சரிக்கை வந்து தடத்தை மூடிவிடுகிறார்கள். அந்த நேரத்தில் கூரையின் கீழ் என்ன செய்யலாம்?

நிறுத்துகடிகாரம்:

கூரையின் கீழ் முழு வேக மாற்றம் வேண்டவே வேண்டாம். ஈர சிமெண்டுத் தரையில் வழுக்கி விழுந்தால் ஏழு வாரமும் போய்விடும். நான்கு பேரும் ஒரே வரிசையில், கையை நீட்டினால் எட்டும் இடைவெளியில் நின்று, நின்ற இடத்திலேயே கைவீச்சோடு பேட்டனைக் கடத்துங்கள். முதலில் கண் திறந்து, பிறகு வாங்குபவர் நேரே முன்னால் பார்த்தபடி குரலை மட்டும் கேட்டு. ஒரு சுற்றுக்கு 20, மூன்று சுற்று. கொடுப்பவர் குரல் கொடுத்து, வாங்குபவரின் கை பின்னால் போய் அசையாமல் நின்ற பிறகே பேட்டன் போக வேண்டும். வாங்குபவர் கையைத் துழாவினால் அந்த எண்ணிக்கை கணக்கில் சேராது. அடுத்து மெதுவாக ஜாகிங்கில் அதையே 10 முறை. ஐந்தாம் ஆளை ஒவ்வொரு சுற்றிலும் ஓர் இடத்தில் நிறுத்துங்கள்.

மிச்ச நேரத்தில் 240 பட வீடியோக்களை எடுத்து ஐந்து பேரும் சேர்ந்து பகுதி நேரங்களைக் குறியுங்கள். மூன்றாமவரும் நான்காமவரும் முதல் மாற்றத்தின் வீடியோவை அளக்கட்டும், அவர்களுடையதை முதலாமவரும் மலாய் நண்பரும் அளக்கட்டும். எச்சரிக்கை விளக்கு அணைந்த பிறகு தடம் ஈரமாக இருந்தால் அன்றைக்கு மார்க்கை மாற்ற வேண்டாம். ஈரத் தடத்தில் 25 மீட்டர் நேரம் கூடும், அந்த எண்ணை உலர்ந்த நாளுக்குப் பயன்படுத்த முடியாது. ஆனால் அதைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போட்டி நாளிலும் மழை பெய்யலாம்.